உள்விளக்கைப் போட்ட கை

டொராண்டோவில் வந்திறங்கிய கையோடு என் மகள் என்னைத் தபால் துறையில் வேலைக்குச் சேர்த்துவிட்டாள். விமான நிலையத்திலிருந்து வெளியே வந்து காரில் ஏறி, பெல்ட்டைக்கூட நான் இன்னும் மாட்டவில்லை.

"அப்பா, ஒரு விஷயம். தீபன் வீட்டுல நீங்க போஸ்ட் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனீங்கன்னு சொல்லியிருக்கேன். கொஞ்சம் பாத்துப் பேசுங்க" என்றாள் கயல்.

நான் பட்டாளத்தில் சிப்பாயாகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன். குடியாத்தம் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார்கள். தபால்காரர் ஒரே ஒருவர்தான். அவரையும் ஊரில் யாருக்கும் பிடிக்காது.

"ஏன், பட்டாளம்னு சொன்னா என்ன குறைஞ்சு போச்சு?"

"எங்க எங்க இருந்தீங்கன்னு கேப்பாங்க. தீபனோட அம்மா யாழ்ப்பாணம், அப்பா."

அதற்கு மேல் அவள் விளக்க வேண்டியிருக்கவில்லை. எண்பதுகளின் கடைசியில், அமைதி காக்க என்று சொல்லி இந்தியாவிலிருந்து கடல் தாண்டிப் போன படையில் நானும் ஒருவன். அமைதி காக்கப் போன இடத்தில் சண்டை மூண்டது. சண்டை ஓய்ந்தபோது யாழ்ப்பாண நகரம் எங்கள் கையில் இருந்தது. சந்திக்குச் சந்தி மண்மூட்டை அடுக்கி, ஊரடங்கு போட்டு, போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சோதித்து, அந்த ஊரை நாங்கள் வைத்திருந்தோம். அந்தக் காலத்தில் அந்த ஊரில் சின்னப் பெண்ணாக இருந்தவர்தான் இப்போது எனக்குச் சம்பந்தியாக வரப்போகிறவர்.

கயலும் தீபனும் டொராண்டோவை ஒட்டிய மார்க்கம் நகரில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு 'எழுத்து'. பதிவுத் திருமணத்தை யாழ்ப்பாணத்துக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். தாலி கட்டுவது கோடையில். என் மனைவிக்கு முழங்கால் ஒத்துழைக்காததால் பெண் வீட்டார் என்று வந்து நிற்பது நான் ஒருவன்தான்.

வீடு வந்ததும் சொன்னேன்: "நானா வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டேன். ஆனா யாராவது நேரா கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன். தலைகீழா நின்னாலும் அது என்னால ஆகாது." கயல் என்னைப் பார்த்த பார்வையிலேயே, போஸ்ட் ஆபீஸ் ஓய்வூதியம் எனக்குக் கிடைக்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது புரிந்தது.

மறுநாள் கயல் வேலைக்குப் போனதும் நடக்கக் கிளம்பினேன். லடாக்கில் குளிர்காலம் கழித்தவன் என்ற திமிர் எனக்கு உண்டு. டிசம்பர் மாத டொராண்டோ அந்தத் திமிரை முதல் தெருமுனையிலேயே உடைத்தது. லடாக் குளிர் காய்ந்த குளிர். இது ஈரக் குளிர், காலுறைக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. நடைபாதையில் உப்பை அள்ளிக் கொட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் திருஷ்டி கழிக்கக்கூட இவ்வளவு உப்பு செலவழித்து நான் பார்த்ததில்லை. தெருவில் மனிதர்களே இல்லை. எல்லோரும் காருக்குள் இருந்தார்கள். நாய் ஒன்று மட்டும் நாலு காலுக்கும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, கடமை தவறாத ஹவில்தார் மாதிரி என்னைக் கடந்துபோனது.

மதியம் கயல் சொல்லிவைத்த தமிழ்ச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் தட்டுத் தட்டாகக் கறிகள் ஆவி பறக்க இருந்தன. எதை எதனோடு சாப்பிடுவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன வேணும் அண்ணை? கெதியாச் சொல்லுங்கோ, பின்னாலை ஆக்கள் நிக்கினம்" என்றார் பரிமாறும் அம்மா.

"இது என்ன, மீனா?"

"ஓம், பாரை. உறைப்பு. உங்களுக்கு ஏலாது போல கிடக்கு. தேங்காய்ப்பால் சொதி ஊத்தட்டே?"

அந்தப் பேச்சைக் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. கடைசியாக அதைக் கேட்டபோது, பேசியவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துப் பயந்துகொண்டு பேசினார்கள். 'ஓம்' என்றால் தலையைக் குனிந்துகொண்டு சொன்ன 'ஓம்'. இங்கேயோ அதே பேச்சு என்னை அதட்டியது, உறைப்பு தாங்க மாட்டாய் என்று கிண்டல் செய்தது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பிடிவாதமாக பாரைக் கறியே வாங்கி, கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டு முடித்தேன். அந்த அம்மா கேட்காமலேயே ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

புதன்கிழமை சம்பந்தி வீட்டில் விருந்து. வீடு ரூஜ் என்ற பகுதியில், புதிதாகக் கட்டிய ஒரே மாதிரியான வீடுகளின் வரிசையில் இருந்தது. தீபன் கதவைத் திறந்து, "வாங்கோ அங்கிள், ஷூவ இங்கேயே விடுங்கோ, கார்பெட் நியூ, அம்மா வில் கில் மீ" என்றான். உள்ளே இருந்து வந்தார் யோகேஸ்வரி அம்மா. கணவரை இழந்தவர். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் மஞ்சள் பஸ்ஸை ஓட்டுகிறார். உயரம் குறைவுதான், ஆனால் நிற்கிற நிலையில் ஒரு பஸ்ஸையே நிறுத்திவிடுவார் போலிருந்தது.

"இருங்கோ அண்ணை. கயல் சொன்னவ, தபால் கந்தோரிலை வேலை எண்டு."

"கயல் நிறைய சொல்லுவா" என்றேன்.

கயல் என்னை முறைத்தாள். நான் பிட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். வாய் நிறையச் சாப்பாடு இருந்தால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள் என்பது பட்டாள மெஸ்ஸில் கற்றது. கத்தரிக்காய்ப் பால்கறி, முட்டைப் பொரியல், நண்டு என்று அவர் வைத்துக்கொண்டே இருந்தார், நான் பிடி கொடுக்காமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அந்த அம்மாவை எனக்குப் பிடித்துவிட்டது. மனதில் பட்டதை நேராகப் பேசுகிறவர். அப்படிப்பட்டவரின் வீட்டில் பொய் வேஷத்தில் உட்கார்ந்திருக்கிறோமே என்று நண்டு தொண்டையில் நின்றது.

வியாழக்கிழமை, எழுத்துக்குக் கூறைப்புடவை போல ஒன்று எடுக்க வேண்டும் என்று யோகேஸ்வரி அம்மா என்னைத் தன் காரில் கூட்டிப் போனார். பெண்ணின் தகப்பன் பார்த்துச் சம்மதிக்காமல் புடவை எடுப்பது முறையில்லையாம். பிள்ளைகள் இருவரும் வேலையில் இருந்தார்கள். புடவைக் கடையில் நான் தலையாட்டியதைத் தவிர வேறு வேலை செய்யவில்லை.

திரும்பும்போது மாலை ஐந்தரைதான், ஆனால் நன்றாக இருட்டிவிட்டது. நெடுஞ்சாலையில் ஏறும் வளைவில் கார்கள் மெதுவாக ஊர்ந்தன. முன்னால் சிவப்பு, நீல விளக்குகள் சுழன்றன. பண்டிகைக் காலத்தில் குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களைப் பிடிக்கப் போலீஸ் இப்படி நிறுத்திப் பார்ப்பது வழக்கமாம். கையில் விளக்குடன் ஒரு போலீஸ்காரர் ஒவ்வொரு காராக நிறுத்திக்கொண்டிருந்தார்.

எங்கள் முறை வந்தது. யோகேஸ்வரி அம்மா முன்விளக்கை அணைத்தார். கை மேலே போய்க் காரின் உள்விளக்கைப் போட்டது. பிறகு இரண்டு கைகளையும் ஸ்டீரிங்கின் மேல் விரித்து வைத்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்தார். எல்லாம் ஒரு மூச்சுக்குள் நடந்து முடிந்தது. இந்த அசைவுகளை இதே வரிசையில் நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் மாலை மங்கிய பிறகு ஊர்க்காரர்கள் 'சென்றி' என்று சொல்லும் எங்கள் காவலரணை நெருங்கும் எந்த வண்டிக்கும் இதுதான் சட்டம்.

போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டினார். வயதில் சின்னவர். "அம்மா, ஏன் விளக்கை அணைத்தீர்கள்? குடித்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

யோகேஸ்வரி அம்மாவால் பேச முடியவில்லை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கை ஸ்டீரிங்கை விட்டு வரவில்லை. போலீஸ்காரர் விளக்கை அவர் முகத்தில் அடித்தார், மறுபடி கேட்டார். எத்தனையோ வருஷமாகப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஓட்டுநர் அவர். இந்தச் சின்ன விஷயத்தில் பேர் கெட்டுவிடக் கூடாதே என்று நான் குறுக்கே பேசினேன். எனக்கு வருவது பட்டாள ஆங்கிலம். கொஞ்சம் சத்தமாகத்தான் வரும்.

"சார், இவர் வந்த ஊரில் சோதனைச் சாவடியில் இதுதான் வழக்கம். முன்விளக்கு காவல்காரன் கண்ணில் அடிக்கக் கூடாது. உள்ளே இருப்பவர்களின் முகமும் கையும் அவனுக்குத் தெரிய வேண்டும். பழக்கத்தில் செய்துவிட்டார். குடிக்கவில்லை."

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். "நீங்களும் அந்த ஊரிலிருந்து வந்தவரா?"

நேராகக் கேட்டுவிட்டார்.

"இல்லை சார்" என்றேன். "நான் அங்கே காவலுக்கு நின்ற சிப்பாய்."

அவர் என்னைப் பார்த்தார், யோகேஸ்வரி அம்மாவைப் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ தெரியவில்லை. விளக்கைத் தாழ்த்தி, "முன்விளக்கைப் போட்டுக்கொண்டு கவனமாகப் போங்கள் அம்மா" என்று மட்டும் சொல்லி வழிவிட்டார்.

மார்க்கம் வரைக்கும் யோகேஸ்வரி அம்மா ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். கயலின் கட்டடத்து வாசலில் நிறுத்தினார், எஞ்சினை அணைக்கவில்லை. புடவைப் பையை எடுத்து என் மடியில் வைத்தார். நான் இறங்கினேன். கார் போய்விட்டது.

நடந்ததைச் சொன்னதும் அன்று கயல் என்னோடு போட்ட சண்டையை எழுதினால் அவளுக்குப் பிடிக்காது, ஆனாலும் எழுதுகிறேன். "ஒரு போலீஸ்காரன்கிட்ட போய்ச் சொல்லுவீங்களா? இந்த ஊர்ல எவனுக்கு அதெல்லாம் தெரியணும்?" என்று அழுதாள். தீபன் தொலைபேசியில், "அம்மா இஸ் நாட் டோக்கிங் அங்கிள். ரூமைப் பூட்டிட்டு இருக்கிறா" என்றான். வெள்ளிக்கிழமையும் அப்படியே கழிந்தது. ஹாலுக்கு ஆட்களைச் சொல்லியாகிவிட்டது. எழுத்து நடக்குமா என்பதே யாருக்கும் தெரியவில்லை.

"போய் ஒரு சாரி சொல்லுங்கப்பா. எனக்காக" என்றாள் கயல்.

"எதுக்கு சாரி? பட்டாளத்துக்குப் போனதுக்கா? கவர்மெண்ட் அனுப்பிச்சுது, போனேன். திரும்பிக் கப்பல்ல வந்து இறங்கினப்போ எங்களை வரவேற்க ஒரு ஆள் இல்லை. நம்ம ஊர்லயே, நீயெல்லாம் தமிழனாடான்னு மூஞ்சிக்கு நேரா கேட்டாங்க. அப்பவே நான் யார்கிட்டயும் சாரி சொல்லலை. மறைச்சதுக்கு வேணா சாரி சொல்லலாம். மறைச்சது நான் இல்லை."

சொல்லிவிட்டேனே தவிர, அவள் அழுததைத் தாங்க முடியவில்லை. பெண்ணுக்கு வாழ்க்கை கெட்டால் என் வீராப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? சனிக்கிழமை காலை அவள் எழுவதற்குள் தனியாகக் கிளம்பினேன்.

டொராண்டோவில் பஸ் ஏறுவது சுலபம், சரியான இடத்தில் இறங்குவதுதான் பெரிய பாடு. ஒரே எண்ணில் ஓடும் பஸ்ஸுக்குள் ஏ, பி, சி என்று கிளைகள் உண்டு. எண்ணைப் பார்த்து ஏறினேன், எழுத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒரு சீனத்துப் பாட்டியம்மா மடியில் முள்ளங்கிக் கட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் கையில் வைத்திருந்த முகவரியைப் பார்த்து, தன் மொழியில் நீளமாக ஏதோ திட்டினார். பிறகு எனக்காகத் தானே கம்பியை இழுத்து மணியடித்து என்னை இறக்கிவிட்டார். அங்கிருந்து பனியில் நடை. ஊரில் ஷேர் ஆட்டோக்காரன் இருந்தால் வழி தவறினாலும் வாசலில் கொண்டுபோய் விடுவான். இங்கே பஸ் ஓட்டுநர் கண்ணியமாக "நல்ல நாளாக அமையட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நடக்கும்போது அந்த நகரம் நினைவுக்கு வந்தது. நாங்கள் உள்ளே நுழைந்த நாட்களில் வீதிகளில் ஒரு ஆள் இல்லை. வீட்டுக் கதவுகள் திறந்து கிடந்தன, கட்டிய மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. கொஞ்சம் கொஞ்சமாக ஜனங்கள் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் எங்கள் சந்தியைத் தாண்ட வேண்டுமென்றால் சைக்கிளை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். என் செக்‌ஷனில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன். அதிகாரி இந்தியில் சொல்லுவார், நான் தமிழில் சொல்லுவேன். அந்தச் சந்திக்கு என் வாய்தான் வாய். சட்டம் போட்டவன் நானில்லை. ஆனால் சட்டம் அவர்கள் காதில் விழுந்தது என் குரலில்.

கதவைத் திறந்த யோகேஸ்வரி அம்மா என்னையும் என் ஈர ஷூவையும் பார்த்தார். "உள்ளுக்கு வாங்கோ" என்றார். ஷூவைக் கழற்றச் சொல்லவில்லை. நானாகக் கழற்றினேன்.

உட்காராமலேயே சொன்னேன்: "அம்மா, நான் பட்டாளத்துக்காரன். உங்க ஊர்ல நின்னவன். அதை மறைக்கணும்னு நான் நினைக்கலை. என் மேல கோபம்னா என்னோட வெச்சுக்குங்க. என் பொண்ணு மேல வைக்காதீங்க."

"எந்தச் சந்தியிலை நிண்டனீங்கள்?" என்று கேட்டார்.

சொன்னேன். கடற்கரைக்குப் போகிற ரோட்டில் இருந்த சந்தி.

"எங்கட அது இல்லை" என்றார். "எங்கட சந்தி பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலை. அப்பா அந்தப் பள்ளிக்கூடத்திலை கணக்கு வாத்தியார். ஒரு பழைய கார் வைச்சிருந்தவர். சென்றி வந்தால் உள் லைற்றைப் போடுறது பக்கத்திலை இருக்கிற என்ரை வேலை. பிறகு அந்தப் பல்ப் எரிஞ்சு போச்சு. கடையளிலை பல்ப் ஏது? அதாலை ரோச் லைற்றைத் தன்ரை முகத்துக்கு நேரை பிடிச்சுக்கொண்டு சென்றியிலை நிப்பாட்டுவார். ஒரு நாள் பின்னேரம் ஆரோ ஒருத்தன், வெளிச்சம் தன்ரை கண்ணிலை பட்டதெண்டு, அவரை இறக்கி ரோட்டிலை முழங்காலிலை இருத்தினவன். அப்பா ரோச்சைத் தன்ரை முகத்துக்குப் பிடிச்சபடி. ரியூசன் முடிஞ்சு போற பெடியள் எல்லாம் பாத்துக்கொண்டு போறாங்கள். நானும் அதிலை ஒராள். அவர் என்னைக் கண்டவர். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு, காணாத மாதிரிப் போனன்."

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அடுத்த நாள் காரைக் கொட்டிலுக்குள்ளை விட்டுப் பூட்டினவர்தான். குடையை எடுத்துக்கொண்டு நடந்து போனார். நீங்கள் எல்லாரும் கப்பலேறிப் போகும் வரைக்கும் நடைதான். 'நடந்து போறவனை ஆரும் இறங்கச் சொல்ல ஏலாது பிள்ளை' எண்டு சொல்லுவார்."

அவர் குரல் உடையவில்லை.

"அது என் சந்தி இல்லைம்மா" என்றேன். "ஆனா அந்தச் சந்தில என்னைப் போட்டிருந்தா அங்கயும் நின்னிருப்பேன். அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். அந்த ஆள் யாருன்னு எனக்குத் தெரியாது. தெரியாதவனுக்காக நான் இப்ப மன்னிப்புக் கேட்டா அது நாடகம். என் சந்தில நான் யாரையும் மரியாதைக் குறைவா பேசினதில்லை. இறங்குங்கய்யா, இறங்குங்கம்மான்னுதான் சொன்னேன்."

"அதுதான் எங்களுக்குக் கூட நொந்தது!" அப்போதுதான் அவர் சத்தம் போட்டார். "வேறை பாசையிலை சொல்லி இறக்கியிருந்தால், அவங்கள் அப்பிடித்தான் எண்டு விட்டிருப்பம். நீங்கள் அம்மா எண்டு கூப்பிட்டல்லோ இறக்கினீங்கள். மன்னிப்பு ஆர் கேட்டது உங்களிட்டை? அதை வைச்சு நான் என்ன செய்யிறது? எனக்குக் கோவம் உங்களிலை இல்லை. என்ரை கையிலை. இந்தக் கையாலை எத்தினை வருசமா இந்த நாட்டிலை பஸ் ஓடுறன். பனிக்குள்ளை, காத்துக்குள்ளை, ஒரு பிள்ளைக்கும் ஒண்டும் ஆகேல்லை. ஒரு சின்னப் பெடியன் யூனிபோமோடை ரோச்சைப் பிடிச்ச உடனை, இந்தக் கை என்னைக் கேளாமல் லைற்றை நூத்துப் போட்டுது. இண்டைக்கும் உங்களுக்குப் பயப்பிடுது."

தன் வலது கையை மேசையில் வைத்து அதையே முறைத்துப் பார்த்தார். யாழ்ப்பாணத்தை விட்டு எங்கள் படை போய் இத்தனை வருஷத்துக்குப் பிறகும், இந்த அம்மாவின் கையில் மட்டும் நாங்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தோம். அது எனக்கு வெட்கமாக இருந்தது. அதையும் அவரிடம் சொன்னேன்.

அவர் எழுந்து தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். குடித்து முடிக்கும் வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"எழுத்து நடக்கும். பிள்ளையள் ரெண்டும் விரும்பினது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் தபால் கந்தோர் எண்ட கதை இனி இந்த வீட்டிலை இருக்கக் கூடாது. நாளைக்குச் சபையிலை நானே சொல்லுவன், நீங்கள் ஆர் எண்டு. வாற ஆக்களிலை அரைவாசிப் பேர் அந்தச் சந்தியளாலை போய் வந்தவை. நீங்கள் அங்கை இருக்கோணும். கேக்கிறவைக்கு மறுமொழி சொல்லோணும். எழும்பி ஓடக் கூடாது."

"நான் எதுக்கும்மா ஓடப் போறேன்?"

"பாப்பம்."

வாய்தான் அப்படிச் சொன்னது. திரும்பும் பஸ்ஸில் பயம் வந்தது. அந்தக் காலத்தில் கண்ணிவெடி இருக்கும் சந்துகளில் நடந்திருக்கிறேன். ஒரு கல்யாண ஹாலில் சாப்பாட்டுத் தட்டோடு இருக்கும் ஜனங்களை நினைத்து அவ்வளவு பயந்தேன் என்றால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். கயலிடம் சொன்னபோது அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பாதிப் பேர் எழுந்து போயிட்டா என்னப்பா பண்றது?" என்றாள். "போகட்டும்" என்றேன். "மீதிப் பேர் தெரிஞ்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. ஹால் வாசலில் நிறைகுடம், உள்ளே மேடையில் பிளாஸ்டிக் தாமரை, மூலையில் வடையும் ரோல்ஸும் அடுக்கிய மேசை. பதிவாளர் கேட்ட இடங்களில் பிள்ளைகள் கையெழுத்திட்டார்கள். கயல் அந்தப் புடவையைக் கட்டியிருந்தாள். எனக்குக் கண் கலங்கியது. தகப்பனுக்கு அது இருக்கத்தான் செய்யும்.

சாப்பாட்டுக்கு எழப் போகிற நேரத்தில் யோகேஸ்வரி அம்மா மைக்கை வாங்கினார். தீபன், "அம்மா, ப்ளீஸ்" என்றது மைக்கிலேயே கேட்டது.

"எல்லாரும் வந்ததுக்கு நன்றி. எங்கட சம்பந்தியை உங்களுக்கு அறிமுகப்படுத்தோணும். இவர் தபால் கந்தோர் எண்டு நான் கொஞ்சப் பேருக்குச் சொல்லியிருப்பன். அது பிழை. இவர் இந்தியப் பட்டாளத்திலை இருந்தவர். எங்கட ஊரிலை சென்றியிலை நிண்டவர். அதை ஒளிக்காமல் தானே சொன்னவர். ஆருக்கும் இவரோடை இருக்க விருப்பமில்லையெண்டால் போகலாம், நான் கோவிக்க மாட்டன். ஆருக்கும் இவரிட்டைக் கேக்க ஏதும் இருந்தால், சாப்பிட்டிட்டு வந்து கேளுங்கோ. இவர் ஓட மாட்டார்."

பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். நிதானமாக மேல்கோட்டைப் போட்டு, தொப்பியை வைத்து, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் வெளியே போனார். சபையில் சாப்பிடாமல் போவதென்றால் எங்கள் இரண்டு ஊரிலும் ஒரே அர்த்தம்தான். அவரைத் தடுக்க யாரும் போகவில்லை. யோகேஸ்வரி அம்மாவும் போகவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து சாப்பாட்டு மேசைப் பக்கம் போனார்கள்.

நான் ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். யோகேஸ்வரி அம்மா இன்னொன்றை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "நானும் இருக்கிறன். பொய் சொன்னால் எனக்குத் தெரியும்."

முதலில் வந்தவர் வெள்ளை மீசைக்காரர். கையில் தட்டு இருந்தது, பாதி சாப்பிட்டிருந்தார். என்னைவிட வயதில் மூத்தவர். அவர் நிற்கும்போது உட்கார்ந்து பேச மனம் வரவில்லை. எழுந்து என் நாற்காலியை அவருக்குக் கொடுத்தேன்.

"எங்கட வேலியை ஏன் வெட்டுவிச்சனீங்கள்?" என்று கேட்டார். "ரோட்டுக் கரையிலை ஒரு வீட்டுக்கும் வேலி மிஞ்சேல்லை. எங்கட கையாலைதானே வெட்டுவிச்சீங்கள்."

"மறைவுல இருந்து சுடுவாங்கன்னு, ரோட்டோரம் எல்லாத்தையும் வெட்டச் சொல்லி உத்தரவு ஐயா. எங்க சந்திப் பக்கம் நான்தான் வீடு வீடாப் போய்ச் சொன்னேன்."

"அதுக்குப் பிறகு என்ரை மனுசி கிணத்தடியிலை குளிக்க வழியில்லாமல் போச்சுது, தம்பி. சாகும் வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் செத்தவள். அது உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது ஐயா. அதை நாங்க யோசிக்கலை. எங்களுக்குச் சுடுறவன் மட்டும்தான் கண்ணுல தெரிஞ்சான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, மிச்சமிருந்த சோற்றைப் பிசைந்தார். எழுந்து போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

அடுத்து ஒரு பெண்மணி வந்தார். "சுத்திவளைச்சு ஆம்பிளையளை இருத்திப்போட்டு, முகத்தை மூடின ஒருத்தனைக் கொண்டு வந்து தலையாட்டுவிச்சனீங்களே. அவன் தலையாட்டித்தான் என்ரை தமையனைக் கொண்டு போனது. ஆர் அவன்?"

"எனக்குத் தெரியாதும்மா. அவன் முகத்தை எங்களுக்கும்தான் காட்டலை. தெரிஞ்சிருந்தாலும் இந்தச் சபையில பேர் சொல்ல மாட்டேன். அவனுக்கும் இங்க பிள்ளைங்க இருக்கலாம்."

அந்தப் பெண்மணியின் முகம் சிவந்தது. அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நின்றிருப்பேன். யோகேஸ்வரி அம்மா, "நல்ல மறுமொழி இல்லை அக்கா. ஆனால் பொய் இல்லை" என்றார். அந்தப் பெண்மணி போகவில்லை. ஒரு பக்கமாக ஒதுங்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அவருக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் வந்து நின்றார்கள். சிலர் தட்டோடு, சிலர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு. யாரும் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. எனக்கு முழங்கால் வலித்தது. ஆனால் நாற்காலி கேட்கவில்லை.

கயல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு தட்டோடு வந்தாள். "போதும்ப்பா, சாப்பிடுங்க" என்றாள். அவள் கண்கள் யோகேஸ்வரி அம்மாவைக் கெஞ்சின.

"உதிலை வையும் பிள்ளை" என்றார் யோகேஸ்வரி அம்மா, சன்னல் விளிம்பைக் காட்டி. "அவருக்கு மறுமொழி சொல்லி இன்னும் முடியேல்லை."

நான் அடுத்து நின்ற பெண்மணியைப் பார்த்து, "கேளுங்கம்மா" என்றேன்.